செயின் கழன்ற கதை



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டியதும், எங்கள் வகுப்பில் ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் விண்வெளி என்றான். ஒருவன் நட்பு என்றான். என்னிடம், "நீ என்னடா எழுதப் போறே?" என்று கேட்டார்கள். "சைக்கிள் செயின்" என்றேன். வகுப்பே சிரித்தது. சிரிக்கட்டும்! இந்த வருஷம் என்னைப் பல ராத்திரி தூங்க விடாமல் செய்தது எதுவோ, அதைத்தானே நான் எழுத முடியும்?

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சிற்றூர்க்காரன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா கொத்து வேலையில் கலவை போடுகிறவர். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அம்மா கைநாட்டு. எனக்கு ஒரே தங்கை, ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் பேங்க் பாரம் நிரப்புவது, கரண்ட் பில் பார்ப்பது, மாத்திரை அட்டையில் தேதி பார்ப்பது எல்லாம் என் வேலை. நான் ஒன்றைச் சொன்னால் அப்பா மறுபேச்சுப் பேசமாட்டார். "படிச்ச புள்ள சொல்றான்ல" என்பார். இந்த வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதையே இதில்தான் இருக்கிறது.

சைக்கிள் வந்தது

எங்கள் ஊரிலிருந்து கல்லூரிக்கு 11 கிலோமீட்டர். முதல் 3 கிலோமீட்டர் சரளை ரோடு. கண்மாய்க் கரையில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கினால்தான் தார் ரோட்டைப் பிடிக்கலாம். காலையில் ஒரு பஸ் உண்டு. வந்தால் வரும்.

நான் டிப்ளமோ சேர்ந்த மாதம் அப்பா ஒரு செகண்ட் ஹேண்ட் கியர் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். விலை 2,200 ரூபாய். முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. மூவேழு இருபத்தொன்று என்று ஊர்ப் பசங்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். கேரியர் கிடையாது. அப்பாதான் பழைய இரும்புக் கடையில் ஒன்று தேடி வாங்கி வந்து வெல்டிங் வைத்துப் பொருத்தினார், தங்கச்சி உட்காருவதற்காக. அவள் பள்ளிக்கூடம் தார் ரோடு முக்கில் இருக்கிறது. நான் அவளை அங்கே இறக்கிவிட்டுப் போவேன்.

இரண்டு வருஷம் நன்றாகத்தான் ஓடியது. மூன்றாம் ஆண்டு தொடக்கத்தில் முன் கியர் ஒயர் அறுந்தது. ஹேண்டில்பாரில் இருந்த லிவரும் உடைந்து தொங்கியது. கடையில் கேட்டேன். லிவர், ஒயர், கூலி எல்லாம் சேர்த்து ஒரு தொகை சொன்னார்கள். அப்பாவிடம் கேட்க மனசு வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நண்பன் செல்போனில் ஒரு வீடியோ காட்டினான். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்று ஒரு ஊர். அதைச் சுற்றி ஃபிளின்ட் ஹில்ஸ் என்கிற மேட்டு நிலம். பாதை முழுக்கக் கூரான சரளைக்கல். அங்கே 2006-லிருந்து ஒரு சைக்கிள் பந்தயம் நடக்கிறது. 2020-இல் அதற்கு அன்பவுண்ட் என்று பெயர் மாற்றினார்கள். முக்கியமான பந்தயத்தின் தூரம் 200 மைல், அதாவது சுமார் 322 கிலோமீட்டர்! அந்த மாதிரிச் சரளையில் ஓட்டுவதற்கென்றே செய்த சைக்கிளை கிராவல் பைக் என்கிறார்கள். வீடியோவில் காட்டிய சைக்கிளின் முன்னால் ஒரே ஒரு பல்சக்கரம்தான். முன் கியரும் இல்லை, அதற்கு ஒயரும் இல்லை.

"பாத்தியாடா! அவங்களே ஒண்ணுதான் வச்சிருக்காங்க. நமக்கு எதுக்கு மூணு?" என்றேன். அன்று சாயங்காலமே ஸ்பேனரை எடுத்துவிட்டேன்.

என் கண்டுபிடிப்பு

என் சைக்கிளில் முன் பல்சக்கரம் மூன்றும் ஒன்றாக ரிவிட் அடித்தவை. பிரிக்க முடியாது. பரவாயில்லை என்று, செயினை நகர்த்துகிற முன் கியர் கூட்டை மட்டும் கழற்றினேன். மூன்றில் எதில் செயினைப் போடுவது? யோசிக்கவே இல்லை. இருப்பதிலேயே பெரியதில் போட்டேன். பெரிய பல் என்றால் வேகம். வேகம் என்றால் பெருமை!

கழற்றிய கூட்டைத் திண்ணையில் வீசினேன். அப்பா அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"ஏந்தம்பி, இது வேணாமா?"

"வேணாம்ப்பா. வெட்டி வெயிட்டு."

"இது இல்லாம ஓடுமா?"

"வெளிநாட்டுல எல்லாம் இப்ப இப்படித்தாம்ப்பா. நான் மெக்கானிக்கல் படிக்கிறேன்ல, எனக்குத் தெரியாதா?"

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

முதல் வாரம் செயின் இரண்டு தடவை கழன்றது. இறங்கி, ஒரு குச்சியால் மாட்டிக்கொண்டு போனேன். இரண்டாவது தடவை தங்கச்சி பின்னால் இருந்தாள். "அண்ணே, அடிக்கடி கழளுதே... கரையில மட்டும் நான் இறங்கி நடந்துக்கிடவா?" என்றாள்.

"ஒண்ணும் ஆகாது, உக்காரு" என்றேன்.

மறுநாள் காலை. கண்மாய்க் கரை ஏற்றம். முன்னால் பெரிய பல், பின்னாலும் பெரிய பல். செயின் கோணலாக இழுபட்டுக் கரகரவென்று சத்தம் போட்டது. எழுந்து நின்று மிதித்து எப்படியோ ஏறிவிட்டேன். மூச்சு வாங்கியது. அந்தப் பக்கம் இறக்கத்தில் மிதிக்காமல் விட்டேன். சரளையில் சைக்கிள் குலுங்கிக்கொண்டே இறங்கியது. அடியில் ஒரு சின்ன மேடு உண்டு. அதற்காக எழுந்து மிதியை ஓங்கி அழுத்தினேன்.

மிதியில் பிடிமானமே இல்லை. கால் வெறுமனே கீழே போனது. இறக்கத்தில் குலுங்கும்போதே செயின் பெரிய பல்லிலிருந்து உள்பக்கமாக நழுவி, இடுக்கில் தொங்கியிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. ஹேண்டில்பார் ஒரு பக்கம் இழுத்தது. இரண்டு பேரும் சரளையில் விழுந்தோம். எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. தங்கச்சிக்கு வலது முன்கை எலும்பு முறிந்துவிட்டது.

ஆறு வாரம் மாவுக்கட்டு. காலாண்டுத் தேர்வுக்கு எட்டு நாள் இருந்தது. எழுதுகிற கை அது. அவள் அந்தத் தேர்வு எழுதவில்லை.

ஆஸ்பத்திரி பெஞ்சில் அப்பா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "ரோடு சரியில்ல, நீ என்ன செய்வே" என்றார். அதற்குப் பதில் இரண்டு அறை விட்டிருக்கலாம். தங்கச்சி மட்டும், மயக்கம் தெளிந்த குரலில் ஒன்று சொன்னாள்: "ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னியேண்ணே..."

நண்பர்களே, அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. என் பேச்சை அவள் உண்மையிலேயே நம்பியிருந்தாள். அதுதான் இன்றைக்கும் குத்துகிறது.

பல்லை எண்ணினேன்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, சாக்பீஸால் குறி போட்டுப் பல்லை எண்ணினேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். முன்னால் 42, 34, 24. பின்னால் சின்னதிலிருந்து பெரியதுவரை 14, 16, 18, 20, 22, 24, 28. பின் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் தரையில் எவ்வளவு போகிறது என்று கோடு போட்டு அளந்தேன். 205 சென்டிமீட்டர்.

கணக்கு நமக்குத் தெரிந்ததுதான். முன் பல்லைப் பின் பல்லால் வகுத்தால் விகிதம். அதைச் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால், மிதி ஒரு சுற்றுக்குச் சைக்கிள் போகும் தூரம்.

நான் கரை ஏறியது 42-க்கு 28. விகிதம் 1.5. ஒரு மிதிச் சுற்றுக்கு 3 மீட்டருக்கு மேல் போக வேண்டும். என் சைக்கிளில் இருந்த மிக லேசான கியரே அவ்வளவுதான்! அதுவும் பின்னால் ஓர் ஆளை வைத்துக்கொண்டு, சரளை ஏற்றத்தில். நடுப்பல் 34-ஐ வைத்திருந்தால் 34-க்கு 28. விகிதம் 1.21. ஒரு சுற்றுக்கு 2 மீட்டர் 49 சென்டிமீட்டர். அதே ஏற்றத்தில் மிதிக்கிற அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். எழுந்து நின்று குதிக்க வேண்டியதில்லை.

அப்படியானால் வேகம் போய்விடாதா? அதையும் போட்டுப் பார்த்தேன். மிதி நிமிடத்துக்கு 60 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 42-க்கு 14 வைத்தால் மணிக்கு 22 கிலோமீட்டர். 34-க்கு 14 வைத்தால் சுமார் 18. வித்தியாசம் வெறும் 4 கிலோமீட்டர்! மிதியைக் கொஞ்சம் வேகமாக, நிமிடத்துக்கு 80 சுற்று சுற்றினால் 34-லேயே மணிக்கு 24 கிலோமீட்டர் போகலாம். கண்மாய்ச் சரளையில் நான் என்றைக்கு 24-இல் போயிருக்கிறேன்? எனக்குத் தேவையே இல்லாத ஒரு வேகத்துக்காக, தினமும் தேவைப்படுகிற ஏற்றத்தை நான் விட்டுக்கொடுத்திருக்கிறேன்.

அந்த வெளிநாட்டுச் சைக்கிள் விஷயமும் அப்போதுதான் புரிந்தது. கிராவல் பைக்குக்கென்று ஷிமானோ கம்பெனி 2019-இல் ஜி.ஆர்.எக்ஸ். என்று ஒரு கியர் வரிசை கொண்டுவந்தது. அதில் முன்னால் ஒரே பல்சக்கரம், 40 பல் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பின்னால்? 11 பல்லில் தொடங்கி 42 பல் வரை! 40-ஐ 42-ஆல் வகுத்துப் பாருங்கள். 0.95. மிதி ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுகூடச் சுற்றாது. அவர்கள் முன்னால் இரண்டைக் கழற்றினார்கள் என்றால், அந்த வேலையைப் பின்னால் பெரிய தட்டுக்குக் கொடுத்துவிட்டுத்தான் கழற்றினார்கள். நான் முன்னால் இருந்ததை மட்டும் பார்த்தேன், பின்னால் எண்ணவே இல்லை.

ஆகவே ஒற்றைப் பல்சக்கரம் வைக்க நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது: கணக்கை மேலிருந்து தொடங்காதீர்கள். உங்கள் பாதையில் மோசமான ஏற்றம் எது? அதில் அதிகபட்சம் எவ்வளவு சுமை வைத்து ஏறுவீர்கள்? உட்கார்ந்தபடியே ஏற முடிகிற பல்லை முதலில் தேர்ந்தெடுங்கள். மிச்சம் கிடைக்கிற வேகம் போதுமா என்று பிறகு பாருங்கள். பெரும்பாலும் போதும்.

சைக்கிள் கடை மாமா

கியர் கணக்கு புரிந்துவிட்டது. ஆனால் செயின் ஏன் கழன்றது? அதற்கு என் புத்தகத்தில் பதில் கிடைக்கவில்லை. முக்கில் சைக்கிள் கடை வைத்திருக்கிற மாமாவிடம் போனேன். அறுபது வயசு இருக்கும். பள்ளிக்கூடமே போகாதவர். சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டி, மிதியைப் பின்பக்கமாகச் சுற்றிவிட்டு, பின்னால் குத்த வைத்து உட்கார்ந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"இங்க வந்து பாரு தம்பி. செயினு நேரா போகுதா?"

பார்த்தேன். முன்னால் பெரிய பல் வெளிப்பக்க ஓரத்தில் இருக்கிறது. பின்னால் 28 பல் உள்பக்க ஓரத்தில் இருக்கிறது. செயின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் குறுக்கே ஓடியது.

"கோணலா போறது எப்படா உள்ள விழலாம்னுதான் பாத்துக்கிட்டு இருக்கும். நீ மிதிக்கிற வரைக்கும் மேல் செயினு விறைப்பா இருக்கும், விழாது. மிதிக்காம விட்டுக் குலுக்குனா தொய்யும். அப்பத்தான் விழும்."

எவ்வளவு சரியாகச் சொல்லிவிட்டார்! இறக்கத்தில் சைக்கிள் குதிக்கும்போது, பின் கியரில் தொங்குகிற குட்டிச் சக்கரங்கள் இரண்டும் ஸ்பிரிங்கை மீறி முன்னால் ஆடுகின்றன. அந்த நேரம் அடிச் செயின் தொய்கிறது. தொய்வு அலைபோல ஓடி முன் பல்லுக்கு வருகிறது. ஏற்கெனவே கோணலாக இருக்கிற கண்ணி, பல்லின் நுனிக்கு ஏறி உள்பக்கம் சரிந்துவிடுகிறது. இன்னொன்றும் மாமா காட்டினார். மூன்று பல்சக்கரம் உள்ள செட்டில் சில பற்களைக் கட்டையாகவும் சரிவாகவும்தான் செய்திருப்பார்கள். ஏனென்றால் கியர் மாற்றும்போது செயின் சுலபமாக இறங்கி ஏற வேண்டும். இறங்குவதற்கென்று செய்த பல்லில் செயினை நிரந்தரமாக நிற்கச் சொன்னால் எப்படி நிற்கும்?

"இதுக்கு மேல ஒரு கூடு இருந்திருக்கணுமே, எங்க?" என்றார்.

"கழட்டிட்டேன் மாமா."

"அதுதானப்பா செயினுக்கு வேலி! கியரு மாத்தலேன்னாலும் அது ரெண்டு பக்கமும் அணைச்சுக்கிட்டு நிக்கும். வேலியைப் பிடுங்கிப் போட்டுட்டு ஆடு மேயுதுன்னா என்ன பண்றது?"

எனக்குத் தலை குனிந்துவிட்டது. வெட்டி வெயிட்டு என்று நான் வீசியது வேலியை! "புதுசு ஒண்ணு வாங்கணுமா மாமா?" என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினேன்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போய், பரண் மேலிருந்து ஒரு பேப்பர் பொட்டலத்தை எடுத்து வந்தார். பிரித்தால் அதே கூடு. துடைத்து, எண்ணெய் தடவி வைத்திருந்தார். திருகாணிகூடத் தனியாக ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தது.

"காசு குடுத்து வாங்குன சாமானு. ஒருத்தன் யோசிக்காமயா அதைச் செஞ்சு வச்சிருப்பான்?" என்றார்.

நண்பர்களே, மூன்று வருஷம் மெஷின் டிசைன் படிக்கிற நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. கலவை போடுகிற என் அப்பா கேட்டார். அன்றைக்குத் திண்ணையிலேயே, "இது இல்லாம ஓடுமா?" என்று கேட்டார். நான்தான் அவர் வாயை அடைத்தேன்.

சரி செய்தது

மறுநாள் மாமா கடையில் நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். உங்களுக்கும் உதவும்.

முதலாவது, செயினை நடுப்பல் 34-க்கு மாற்றினோம். ஏற்றம் லேசானது மட்டுமில்லை. நடுப்பல் பின்னால் உள்ள ஏழு தட்டுகளின் நடுவுக்கு நேராக நிற்கிறது. நான் சமதரையில் அதிகம் ஓட்டுவது பின்னால் 18, 20 பல்லில். அப்போது செயின் ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறது. கியர் தேர்வு வேறு, செயின் கழல்வது வேறு என்று நினைத்திருந்தேன். இரண்டும் ஒன்றுதான். பல்லைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் செயின் பாதி சரியாகிவிடுகிறது.

இரண்டாவது, நீளம். இங்கே மட்டும் நம் பாடம் கைகொடுத்தது. செயின் நீளச் சூத்திரத்தில் இரண்டு சக்கரங்களின் பற்களையும் கூட்டிப் பாதியாக்குவோம் இல்லையா? 42 இருந்த இடத்தில் 34 வந்தால் 8 பல் குறைகிறது. அதில் பாதி 4. ஆக 4 கண்ணி வேலையில்லாமல் தொங்கும். ஒரு கண்ணி அரை அங்குலம், 12.7 மில்லிமீட்டர். மொத்தம் 2 அங்குலத் தொய்வு. நான் "நாலு கண்ணி எடுக்கணும் மாமா" என்று சொன்னேன். மாமா செயினைப் பெரிய பின்பல்லிலும் 34-லும் நேரடியாகச் சுற்றி, இரண்டு கண்ணி உபரி விட்டு அளந்தார். சரியாக நாலு! "பரவால்லையே, படிப்பு வேலை செய்யுது" என்றார். எனக்குக் கிடைத்த பெரிய மெடல் அது. ஒரு எச்சரிக்கை: இப்படிக் குறைத்த செயினைப் பிறகு 42-க்கும் 28-க்கும் சேர்த்துப் போடவே கூடாது. நீளம் போதாமல் பின் கியரைப் பிய்த்துவிடும்.

மூன்றாவது, வேலி. முன் கியர் கூட்டைத் திரும்ப மாட்டினோம். லிவர் இல்லை, ஒயர் இல்லை. எல் என்று எழுதியிருக்கிற திருகாணியை உள்ளே முறுக்கி, மீதிக்கு அறுந்துபோன பழைய ஒயரிலேயே ஒரு சாண் துண்டை வைத்து இழுத்துக் கட்டி, கூடு நடுப்பல்லுக்கு நேர்மேலே அசையாமல் நிற்கும்படி செய்தார் மாமா. செயின் அதில் உரசக் கூடாது, ஆனால் தாண்டவும் கூடாது. ஏழு பின்பல்லிலும் போட்டுச் சுற்றிப் பார்த்தோம்.

நான்காவது, தேய்மானம். செயின் மேல் ஒரு ஸ்டீல் ஸ்கேலை வையுங்கள். புதுச் செயினில் 24 கண்ணிக்குச் சரியாக 12 அங்குலம் வரும். அது பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றிவிட வேண்டும். எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தால் பல்லையும் சேர்த்து அது தின்றிருக்கும். என் செயின் பதினாறில் ஒன்றைத் தொட்டுவிட்டது. புதுச் செயின் போட்டோம். முன்னால் லிவர் வாங்கச் சொன்ன தொகையில் பாதிகூட ஆகவில்லை.

பின் ஃப்ரீவீல் தேயும்போது 14 முதல் 34 வரை பல் உள்ளதைப் போடலாம் என்று ஓர் ஆசை உண்டு. அப்போது 34-க்கு 34, விகிதம் ஒன்று. ஆனால் பின் கியர் அந்த 34 பல்லை எட்டுமா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். இப்போதெல்லாம் பார்க்காமல் எதையும் சொல்வதில்லை!

விலை கூடின சைக்கிள்களில் இதற்கெல்லாம் வேறு வழி வைத்திருக்கிறார்கள். செயினை உற்றுப் பாருங்கள். ஒரு கண்ணி உள்ளே குறுகல், அடுத்தது அகலம் என்று மாறி மாறி வரும். அதற்கேற்றபடி முன் பல்லையும் ஒன்று மெலிசு, ஒன்று தடிப்பு என்று மாற்றி மாற்றிச் செய்கிறார்கள். ஸ்ராம் என்கிற கம்பெனி 2012-இல் இத்தகைய பல்சக்கரத்தோடு ஒரு மலைச் சைக்கிள் செட்டைக் கொண்டுவந்தது. மெலிசும் தடிப்பும் ஜோடியாக வர வேண்டும் என்பதால் பல்லின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படைதான். பின் கியர் முன்னால் ஆடாதபடி அதற்குள் ஒரு கிளட்ச்சும் வைக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் மாமா சொன்ன அதே இரண்டு விஷயம்தான்: செயின் தொய்யக் கூடாது, பல் அதை விடக் கூடாது. அவ்வளவு செய்தும் மோசமான பாதைக்குப் போகிறவர்கள் மேலே ஒரு சின்ன வேலியும் போட்டுக்கொள்கிறார்கள்.

இப்போது

இந்தக் கட்டுரை எழுதும்போது ஐந்து மாதம் ஆகிறது. தினமும் அதே கண்மாய்க் கரை, அதே சரளை. செயின் ஒரே ஒரு தடவை கழன்றது. ஒரு கருவேலங்குச்சி பின் கியரில் சிக்கிக்கொண்ட நாள் அது. இறக்கத்தில் இப்போது மிதியைச் சும்மா விடுவதில்லை, லேசாகச் சுற்றிக்கொண்டே இறங்குகிறேன். மேல் செயின் விறைப்பாக இருக்கும். சனிக்கிழமை தோறும் பழைய பனியன் துணியால் செயினைத் துடைத்து எண்ணெய் விடுகிறேன்.

கட்டுப் பிரித்த பிறகும் தங்கச்சி இரண்டு மாதம் கேரியரில் ஏறவில்லை. நடந்தே போனாள். நானும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்தேன். ஏறு என்று ஒருநாளும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

ஒருநாள் காலையில் அவளே சைக்கிள் பக்கத்தில் உட்கார்ந்து மிதியைக் கையால் சுற்றிப் பார்த்தாள். "இது எதுக்குண்ணே மேல நிக்குது?" என்றாள். சொன்னேன். "இதுல எத்தனை பல்லு?" என்றாள். "எண்ணிப் பாரு" என்றேன். சாக்பீஸ் குறி வைத்து எண்ணினாள். 34. இன்னொரு தடவை எண்ணினாள். பிறகு பையை மாட்டிக்கொண்டு கேரியரில் ஏறி உட்கார்ந்தாள்.

கரை அடியில் வந்ததும் கேட்டாள்: "அண்ணே, இப்ப ஒண்ணும் ஆகாதுல்ல?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. இறங்கி, குனிந்து, செயினைப் பார்த்தேன். கூட்டை ஆட்டிப் பார்த்தேன். பிறகுதான் சொன்னேன்: "பாத்துட்டேன் பாப்பா. போகலாம்."

நண்பர்களே! நம் கல்லூரியில் என்னைப் போல வீட்டுக்கு முதல் படிப்பாளி பல பேர் இருக்கிறீர்கள். ஒயரிங் ஆகட்டும், மோட்டார் ஆகட்டும், கேஸ் அடுப்பு ஆகட்டும், நாம் ஒரு வார்த்தை சொன்னால் வீடு அதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறது. சரிபார்க்க அங்கே வேறு ஆள் இல்லை. அதனால் நாம்தான் இரண்டு மடங்கு சரிபார்க்க வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். "இருங்கப்பா, பாத்துட்டுச் சொல்றேன்" என்பதும் படித்தவன் பேச்சுத்தான். நம்மை விடக் குறைவாகப் படித்தவர் ஒரு கேள்வி கேட்டால், வாயை அடைக்காமல் ஒரு நிமிஷம் நின்று யோசியுங்கள். பரண் மேலே பொட்டலம் கட்டி எடுத்து வைக்கிற அப்பா எல்லோருக்கும் வாய்க்கலாம். எலும்பு எல்லோருக்கும் ஆறு வாரத்தில் கூடிவிடும் என்று சொல்ல முடியாது.

 மாலையில் சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்தால், உங்கள் செயினுக்கு என்னிடம் ஒரு ஸ்டீல் ஸ்கேல் இருக்கிறது!

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை